முழங்காலில் நின்று திருத்திய வண்டி

போன வியாழக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். ரொட்டி விற்கிற பாண்காரர் என்று நினைத்துத் திறந்தேன். பாண்காரர் இல்லை. ஒரு அம்மா நின்றார். நெற்றியில் திருநீறு. இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது போல ஒரு ரைஸ் குக்கர்.

கொழும்பின் அந்தக் கோடி, வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம்.

என்ன விஷயம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புது ஆட்களைக் கண்டால் என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் — பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு அது பழைய செய்தி. நல்லவேளை, அவரே தொடங்கினார்.

"அக்கா, லைட் எரியுது, சோறு அவியுதில்ல. இதுக்கு முன்னால ஒருக்கா முழங்காலில நில்லுங்கோ."

நான் முழித்தேன். சைவக்காரர் வேதக்கார, கிறிஸ்தவ வீட்டுக்கு வந்துவிட்டாரே என்று நான் யோசிப்பதாக நினைத்தாரோ என்னவோ, "மாதா எல்லாருக்கும் பொதுதானே அக்கா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இவர் முதல் ஆள் இல்லை. மூன்று வாரத்தில் ஐந்தாவது ஆள். ஒரு தண்ணீர் மோட்டார் வந்தது. இரண்டு மேசை ஃபான் வந்தது. மட்டக்குளியிலிருந்து ஒரு த்ரீவீல் வந்தது — அதாவது, தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஏற வேண்டாம், பக்கத்தில் ஒரு நிமிஷம் முழங்காலில் நின்றால் போதும் என்று அந்த டிரைவர் மரியாதையாகக் கேட்டார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு ஏன் இந்தப் பாடு?

எல்லாம் அந்த கோல்ஃப் வண்டியால் வந்தது. இன்றைக்கு உண்மையை எழுதிவிடப் போகிறேன். வாயால் சொல்ல முடியாததைத்தானே நான் இங்கே எழுதுகிறேன்...

எங்கள் கொட்டாஞ்சேனை மாதா கோயில் திருநாளுக்கு இரண்டு மாதம் முன்பு அந்த வண்டி வந்தது. ஒரு பெரிய ஹோட்டலில் கழித்துவிட்ட வண்டி. பணக்காரர்கள் புல்வெளியில் பந்தடிக்கப் போகும்போது நடக்காமல் ஏறிப் போவார்களே, அது. விளையாடத்தானே போகிறார்கள், அந்தத் தூரத்தை நடந்தால் என்ன என்று கேட்காதீர்கள். எனக்கும் விளங்கவில்லை.

கதவு இல்லை. கண்ணாடி இல்லை. பெற்றோல் இல்லை. சீற்றைத் தூக்கினால் கீழே ஆறு பற்றரி. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் இருப்பவர்களுக்குப் போகிற இடம் தெரியாது, வந்த இடம்தான் தெரியும்.

கால் ஏலாதவர்களை மெயின் றோட்டிலிருந்து கோயில் வாசலுக்கு ஏற்றி இறக்கலாம் என்று எங்கள் பங்கு ஃபாதர்தான் அதைக் கேட்டு எடுத்தார். ஓட்டுவதற்குக் கிறிஸ்டி. கிறிஸ்டிக்கு ஐம்பத்தைந்து வயது. திருநாள் கமிட்டியில் எல்லாமே அவர்தான். இருபது வருஷம் த்ரீவீல் ஓட்டியவர். இதைக் கோல்ஃப் வண்டி என்று சொன்னால் அவருக்கு முகம் கறுக்கும். கார் என்று சொல்ல வேண்டும்.

காருக்கு ஒரே ஒரு குறை. சத்தமே இல்லை. ஹோர்னும் செத்துப் போயிருந்தது. பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் பீ... பீ... என்று கத்தும். முன்னுக்கு வரும்போது பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேர் செருப்பை விட்டுவிட்டுப் பாய்ந்தார்கள்.

கிறிஸ்டி யோசித்தார். பூசை நேரத்தில் பீடத்தில் அடிக்கிற கைமணியில் பழையது ஒன்று சாமான் அறையில் கிடந்தது. அதை எடுத்து வந்து ஸ்டியரிங் பக்கத்தில் கட்டினார். மணி அடித்தால் ஆட்கள் விலகுவார்கள் — இது அவருடைய கணக்கு.

கொட்டாஞ்சேனையில் அந்த மணிச் சத்தம் கேட்டால் ஆட்கள் விலகுவார்களா? அப்படியே நின்று சிலுவை போட்டார்கள். நாலைந்து பேர் நடு றோட்டில் முழங்காலிலும் நின்றுவிட்டார்கள். இருபது அடி போவதற்குக் கிறிஸ்டிக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது.

இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களின் முழங்கால் அவ்வளவு சுலபமாக மடங்கும்.

மடங்காத முழங்கால் ஒன்றும் இருக்கிறது. அது அடுத்த வீட்டு ரெஜினா அக்காவுடையது.

ரெஜினா அக்காவுக்கு எண்பத்தெட்டு வயது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். இறங்குதுறையில் நின்று கதைத்தால் கப்பலில் கேட்கும். நானோ கடையில் விரலைக் காட்டித்தான் எத்தனை பாண் என்று சொல்கிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் ஐம்பது வருஷம் எப்படி ஒத்துப்போனது? அவர் கதைத்தார், நான் கேட்டேன். வேறு ரகசியம் இல்லை.

அவருக்கு நாலு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்ததாம். பிள்ளை பிழைத்தால் திருநாளுக்குத் திருநாள் மாதா சொரூபத்துக்குப் பின்னால் சுற்றி வருவாள் என்று தாய் நேர்த்திக்கடன் வைத்தார். பிழைத்தார். சுற்றினார். கொட்டுகிற மழையில் சுற்றினார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுற்றினார். ஊரடங்கு போட்ட வருஷம் சொரூபம் கோயில் முற்றத்துக்குள்ளேயே சுற்றியது. அவரும் முற்றத்துக்குள்ளேயே சுற்றினார்.

கடைசி இரண்டு வருஷமும்தான் முழங்கால் விடவில்லை. மேல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். பக்கத்தில் நான் இருந்தேன். சொரூபம் போய்த் திரும்பும்வரை இரண்டு மணித்தியாலம் — ரெஜினா அக்கா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவர் சத்தம் போட்டு நான் பயந்தது உண்டு. அவர் சத்தம் போடாமல் இருந்து நான் பயந்தது அந்த இரண்டு நாளும்தான்.

வீல்சேரில் போகலாமே என்று ஃபாதர் சொல்லிப் பார்த்தார். "வீல்சேர் நோய், வருத்தம் உள்ளவருக்கு ஃபாதர். எனக்கு வருத்தம் ஒண்டும் இல்ல, கால் மட்டும்தான் இல்ல." பேச்சு அதோடு முடிந்தது.

ஆனால் கார்? கார் வேறு விஷயம். கார் வந்த முதல் வாரமே ரெஜினா அக்கா ஃபாதரைக் கூப்பிட்டு விசாரித்தார். சக்கரத்தில் போனால் நேர்த்தி செல்லுமா? ஃபாதர் திருப்பிக் கேட்டார் — தாய் நேர்ந்தது "நடந்து வருவாள்" என்றா, "சுற்றி வருவாள்" என்றா? சுற்றி என்றுதான். அப்படியென்றால் சக்கரமும் செல்லும் என்று ஃபாதர் தீர்ப்புச் சொன்னார்.

ரெஜினா அக்கா ஒரு நிபந்தனை போட்டார். முன் சீற்றில்தான் இருப்பேன், பின்னால் இருந்து வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போக மாட்டேன். நீலச் சேலை எடுத்தார். அதற்குச் சட்டை தைக்கக் கொடுத்தார். தினமும் எனக்கு ஒரு தடவை எடுத்துக் காட்டினார்.

திருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் வேஸ்பர், மாலைச் செபம். காரை நீலமும் வெள்ளையுமாகக் கடதாசிப் பூவால் சோடித்து, முன்னால் மாதா படத்தை வைத்து, முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். நானும் போனேன். மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் சரியான சனம். இடித்துக்கொண்டு போக எனக்கு ஏலாது. கொஞ்சம் விலகுங்கோ என்று கேட்கவும் ஏலாது. காற்றுப் படாத ஒரு இடமாகப் பார்த்து என் மெழுகுதிரியைக் கொளுத்தி ஒட்டிவிட்டு, ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு வந்தேன். கிறிஸ்மஸுக்கு வாங்கி மிஞ்சின பச்சை மெழுகுதிரி. எதற்கு வீணாக்க வேண்டும்?

மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்குச் சொரூபம் ஊர் சுற்றுகிற சுற்றுப்பிரகாரம்.

நாலரைக்கே ரெஜினா அக்காவை நாலு பேர் பிடித்து முன் சீற்றில் ஏற்றிவிட்டார்கள். நீலச் சேலை, கையில் செபமாலை, பக்கத்தில் ஊன்றுகோல். காலுக்குக் கீழே புது நீலக் கம்பளம் — காலையில் கமிட்டிப் பெண்கள் விரித்தது. கிறிஸ்டி வெள்ளைக் கையுறை போட்டு வந்து ஏறினார். சாவித் திறப்பைத் திருப்பினார். பெடலை மிதித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

சத்தமில்லாத வண்டியில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஓடத் தொடங்கிவிட்டதா, இல்லையா என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிறிஸ்டி பெரிய சிரிப்போடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தூண் நகரவில்லை என்று கண்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

திறப்பை மூடித் திறந்தார். மிதித்தார். இறங்கி ரயரை உதைத்தார். ஏறினார். பெடல் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார். இரவு முழுக்க சார்ஜ் போட்டதே என்று யாரிடமோ முறையிட்டார்.

அதற்குள் சுற்றிவர ஐம்பது பேர். எங்கள் ஊரில் ஒரு வாகனம் நின்றால் அதற்கு வைத்தியம் சொல்லாமல் போகிறவர் உண்டா? தள்ளி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார் ஒருவர். பெற்றோல் முடிந்திருக்கும் என்றார் இன்னொருவர். பெற்றோல் வண்டி இல்லை என்று விளக்கியதும், அப்படியென்றால் டீசல் என்றார். கண்ணூறு என்றார் ஒரு அம்மா. ஹோட்டலில் இருந்த வண்டிக்குக் கோயில் பழக்கம் இல்லை, ஆறேழு மாதம் போகும் என்றார் வேறொருவர்.

கிறிஸ்டி ஃபோனை எடுத்து, ஹோட்டலில் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் நிமால் பாஸைப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நிமால் பாஸ் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அய்யே, பெடல் எக பாகனகொட டக் காலா சத்தயக் எனவத?"

மிதிக்கும்போது டக் என்று ஒரு சத்தம் வருகிறதா? அவ்வளவுதான் கேள்வி.

அந்தப் பக்கம் பாண்ட் வாத்தியக்காரர் டிரம் அடித்துப் பார்க்கிறார். இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் செபமாலை. நடுவில் ஐம்பது வைத்தியர்கள். டக் என்ன, அந்த நேரம் இடி விழுந்தாலும் கேட்டிருக்காது. என்ன சத்தம், என்ன சத்தம் என்று கிறிஸ்டி கத்த, லைன் அறுந்துவிட்டது.

ஆனால் அந்தக் கேள்வி எதற்கு என்று அங்கே எனக்கு மட்டும்தான் விளங்கியது. ஏனென்று சொல்கிறேன்.

காலமான என் வீட்டுக்காரர் மோட்டார் எலெக்ட்ரீஷியன். நல்ல கைகாரர், ஆனால் காது மந்தம். பொனட்டுக்குள் டக் என்று வருவது அவருக்குக் கேட்காது. ஆகவே அவர் உள்ளே இருந்து மிதிப்பார். நான் வெளியே முழங்காலில் நின்று காதை வைத்துக் கேட்பேன். சத்தம் வந்தால் தலையாட்டுவேன். வராவிட்டால் ஆட்டமாட்டேன். கதைக்கவே தேவையில்லை. எனக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உலகத்தில் இருக்குமா? நாற்பது வருஷம் பார்த்தேன்.

அந்த டக் வருவது சொலினோயிட் என்ற ஒரு சாமானுக்குள்ளிருந்து. தேத்தண்ணிக் கோப்பை அளவில் இருக்கும். மிதித்ததும் உள்ளே ஒரு இரும்பு எழும்பிப் போய் ஒட்டும். ஒட்டினால்தான் பற்றரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போகும். டக் வந்தும் வண்டி ஓடாவிட்டால் பெரிய பிழை — மோட்டார், பெரிய வயர், அந்தப் பக்கம். அன்றைக்கு முடியாத வேலை. டக் வராவிட்டால் சின்னப் பிழை. எங்கேயோ ஒரு குட்டி சுவிட்ச் மக்கர் பண்ணுகிறது. தேடிப் பிடிக்கலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஐம்பது பேருக்கு நடுவில் போய்ச் சொல்ல வேண்டும். சத்தம் போடாதீங்கோ, நான் கேட்கவேணும் என்று சொல்ல வேண்டும். யார்? நான்!

தூணுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சொரூபம் கோயில் வாசலுக்கு வந்துவிட்டது. ஃபாதர் ரெஜினா அக்காவிடம் குனிந்து, இந்த முறை படியில் இருந்து பாருங்கோ, மாதாவுக்கு உங்கள் மனது தெரியும் என்றார். யாரோ வீல்சேர் எடுக்க ஓடினார்கள்.

ரெஜினா அக்கா ஃபாதரைத் திட்டவில்லை. வீல்சேரைத் திட்டவில்லை. கிறிஸ்டியைத் திட்டவில்லை. கையிலிருந்த செபமாலையை மெதுவாகப் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

மேல் மாடி ஜன்னலில் இருந்த அந்த இரண்டு மணித்தியாலங்களும் ஞாபகத்துக்கு வந்தன.

எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. போய்விட்டேன். வண்டியின் பக்கத்தில், சீற்றுக்குக் கீழே சொலினோயிட் இருக்கிற பக்கமாக, முழங்காலில் நின்று, கண்ணை மூடி — கண்ணை மூடினால்தான் காது நன்றாகக் கேட்கும் — தலையைச் சாய்த்துக் காதை வைத்தேன்.

சத்தம் குறைந்தது.

முதலில் பக்கத்தில் நின்றவர்கள் நிறுத்தினார்கள். பிறகு அதற்குப் பின்னால். பிறகு டிரம் நின்றது. செபமாலை ஸ்பீக்கரும் நின்றது. ஒரு காகம் மட்டும் கத்தியது; அதுவும் இரண்டாம் முறை கத்தவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். முற்றம் முழுக்க முழங்காலில் நிற்கிறது.

ஐம்பது வைத்தியர்களும் நிற்கிறார்கள். டீசல் என்று சொன்னவர் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறார். டிரம்காரர் டிரம்மோடு நிற்கிறார். ஃபாதரும் நிற்கிறார். அவர்களுடைய கணக்கு இது: எமலி — அதாவது நான் — ஒருநாளும் முன்னுக்கு வராதவள், அவளே வந்து முழங்காலில் விழுந்து செபிக்கிறாள் என்றால்...

எழும்பி, இது செபம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எழும்பினால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே! அதைவிடக் குனிந்துகொண்டு இருப்பது சுகம். அதோடு, நான் கேட்க நினைத்த அமைதி கேட்காமலே கிடைத்துவிட்டது.

இனி யாராவது பெடலை மிதிக்க வேண்டும். கிறிஸ்டியைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினேன். கிறிஸ்டியும் இறங்கி முழங்காலில் நின்றுவிட்டார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. நான் கையை உயர்த்தியதைக் கண்ட நாலைந்து பேர் தாங்களும் கையை உயர்த்தினார்கள்.

வண்டியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். முழங்கால் மடங்காத ஆள். ரெஜினா அக்கா மேலிருந்து என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"எமலி, நீ செபிக்கேல்ல. என்ன செய்யோணும், சொல்லு."

வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் குசுகுசுத்ததைக் கேட்டேன். ஊன்றுகோலால் அந்தப் பெடலை அமத்துங்கோ அக்கா என்று நானும் குசுகுசுத்தேன்.

அப்போது உண்மையாகவே செபித்தேன். அன்று நான் செபித்த செபம் அது ஒன்றுதான். மாதாவே, அந்த டக் வரக் கூடாது.

ரெஜினா அக்கா ஊன்றுகோலை நீட்டி அமத்தினார்.

வரவில்லை.

எனக்குக் கால் தரையில் படவில்லை. சின்னப் பிழைதான்! அடுத்தது, திறப்பில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மீற்றர் எதற்கு? சீற்றுக்குக் கீழே, வண்டியைப் பின்னுக்கு எடுக்கிற சின்ன நெம்பு ஒன்று, லீவர், இருக்கிறது; அதைத் தள்ளச் சொன்னேன். தள்ளினார்.

பீ... பீ... பீ...

கரண்ட் இருக்கிறது. பற்றரி நல்லம், திறப்பு நல்லம். பின்வரிசையில் ஒரு அம்மா, பிரார்த்தனை தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும் — "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். அடுத்த பீ-க்குப் பத்துப் பேர் சொன்னார்கள். அதற்கடுத்ததுக்கு முற்றம் முழுக்கச் சொன்னது.

பீ... எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். பீ... எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

சிரிப்பு வந்தால் எல்லாம் முடிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பற்றரி இல்லை, திறப்பு இல்லை, நெம்பு இல்லை. மிச்சம் என்ன? பெடல். பெடலுக்குக் கீழே ஒரு அவரைக்கொட்டை அளவு சுவிட்ச் இருக்கும். மிதிக்கும்போது பெடல் போய் அதைத் தட்ட வேண்டும். அது தட்டுப்பட்டால்தான் டக்.

முழங்காலிலேயே நகர்ந்து முன்னுக்குப் போய் நீலக் கம்பளத்தைத் தூக்கினேன்.

மெழுகு.

பெடலைச் சுற்றிவர மெழுகு. பத்துப் பதினைந்து மெழுகுதிரியின் மெழுகு. வேஸ்பர் நேரம், மாதா படம் வைத்துச் சோடித்து நின்ற வண்டியை எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? கால் வைக்கிற இடத்தில் வரிசையாக மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டார்கள். காலையில் கமிட்டிப் பெண்கள் எரிந்து மிஞ்சின கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதற்கு மேலே கம்பளத்தை விரித்திருக்கிறார்கள். உருகின மெழுகு பெடலின் இடுக்கால் ஓடி, கீழே அந்தக் குட்டி சுவிட்சில் போய் உறைந்து கிடக்கிறது.

யார் இந்த வேலை பார்த்தது? முதல் மெழுகுதிரியை இங்கே வைத்த அந்த அறிவுக்கொழுந்து யார்? எனக்குக் கோபமே வந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவிச் சுரண்டத் தொடங்கினேன். மேலே வெள்ளை மெழுகு. அதற்குக் கீழேயும் வெள்ளை. அதற்குக் கீழேயும் வெள்ளை.

எல்லாவற்றுக்கும் அடியில், சுவிட்சோடு ஒட்டிக்கொண்டு — பச்சை.

...

காற்றுப் படாத ஒரு இடம் என்று சொன்னேன் அல்லவா? அந்த இடம்தான். நான் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, அதுதான் இடம் என்று மற்றவர்களும் வந்து ஒட்டியிருக்கிறார்கள். சார்ஜ் ஏறுகிற பற்றரிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தவரை வாசல்வரை விரட்டிய மனுஷனுக்கு நாற்பது வருஷம் பெண்சாதியாக இருந்துவிட்டு, ஆறு பற்றரிக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தியவள் நான்!

அந்த நேரம் என் முகத்தைப் பார்த்தவர்கள் நான் அழுதுகொண்டு மன்றாடியதாகச் சொல்கிறார்கள். அழுதது உண்மை. வெட்கத்தில்.

கடைசிப் பச்சைத் துண்டைக் கிளப்பி எடுத்தேன். எடுத்ததும் உள்ளேயிருந்து —

டக்.

நாற்பது வருஷப் பழக்கம். தலையை ஆட்டினேன்.

ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். ரெஜினா அக்காவின் ஊன்றுகோல் இன்னும் பெடலில் இருக்கிறது. நெம்பு இன்னும் பின்னுக்கு இருக்கிறது.

நீலச் சேலையும் கடதாசிப் பூவும் மாதா படமுமாக, டிரைவர் இல்லாமல், பீ... பீ... என்று கார் பின்னால் போனது. மந்தை ஆடுகள் பிரிவது போல முற்றம் இரண்டாகப் பிரிந்தது. டிரம்காரர் டிரம்மை விட்டுவிட்டு ஓடினார். கிறிஸ்டி கண்ணைத் திறந்து, தன் கார் தன்னை விட்டுப் போவதைக் கண்டு, கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். ரெஜினா அக்கா மட்டும் ஆடவில்லை, அசையவில்லை. பத்து அடி போனதும் ஊன்றுகோலைத் தூக்கினார். கார் டிரம்மில் மெதுவாக முட்டி — டும் — நின்றது.

"மாதாவின்ர புதுமை, அற்புதம்" என்றார் ஒரு அம்மா.

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடுமா? கிறிஸ்டி ஏறினார், நெம்பை முன்னுக்குத் தள்ளினார், மணியை அடித்தார். பாண்ட் முழங்கியது. சொரூபத்துக்குப் பின்னால், முன் சீற்றில் நிமிர்ந்து இருந்துகொண்டு, ரெஜினா அக்கா முழுச் சுற்றும் சுற்றினார். ஜம்பட்டா வீதி முழுக்கக் கேட்கும்படி செபமாலை சொன்னார். ஸ்பீக்கரே தேவைப்படவில்லை. நான் காருக்குப் பக்கத்தில் நடந்தேன், நகத்துக்குள் பச்சை மெழுகோடு, கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு.

திரும்பி வந்து அவரை இறக்கும்போது என் கையைப் பிடித்தார். விரித்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தக் கோயில்ல பச்சை மெழுகுதிரி வேற ஆர் கொளுத்துறது, எமலி?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னேன். அவர் என் விரல்களை மடக்கி மூடினார்.

"சொன்னா, புதுமை போயிடும். சொல்லாட்டி, உன்ர முழங்கால் போயிடும். எது வேணும் எண்டு நீயே பார்த்துக்கொள்."

அடுத்த நாளே முதல் ஃபான் வந்தது.

ரெஜினா அக்கா சொன்னதில் பாதி பலித்துவிட்டது. வலது முழங்கால் வீங்கிவிட்டது. இனியும் ஏலாது என்று போன சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல எனக்கு வராதே. ஆகவே பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து, பச்சை மெழுகுதிரியிலிருந்து டக் வரை எல்லாவற்றையும் ஃபாதருக்குச் சொன்னேன்.

தட்டி ஆடியது. இருமல் என்று முதலில் நினைத்தேன். சிரிப்பு.

எனக்குப் பெரிய நிம்மதி. ஃபாதருக்குத் தெரிந்துவிட்டது, இனி ஞாயிறு பூசையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், ஃபானும் மோட்டாரும் நின்றுவிடும் என்று எழும்பி வாசல்வரை வந்தேன். வாசலில்தான் மூளை வேலை செய்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை ஃபாதர் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாதே! ஊருக்கெல்லாம் உண்மை தெரிய வேண்டும் என்று புறப்பட்டு, ஊரிலேயே வாயைத் திறக்கக்கூடாத ஒரே ஆளிடம் போய் ஒப்படைத்துவிட்டேன்.

ஃபாதர் தந்த அபராதத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது: செய்ததை நானே நாலு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டும். எழுதினால் செல்லுமா என்று கேட்டிருந்தேன். சக்கரம் செல்லுமென்றால் எழுத்தும் செல்லும் என்றார்.

எழுதிவிட்டேன்.

வெள்ளவத்தை அம்மாவின் ரைஸ் குக்கர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு பஸ் மாறி வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? முழங்காலில் நின்றேன். உள்பானையைத் தூக்கிப் பார்த்தேன். அடித்தட்டில் ஒரு பழைய சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. பானை தட்டில் படியவில்லை. கொண்டை ஊசியால் கிளப்பி எடுத்தேன். இங்கேயே அரிசி போட்டுப் பார்த்தோம், பூப் போல அவிந்தது. அந்த அம்மா கண் கலங்கிக் கும்பிட்டார். அது வந்து... ஒரு பருக்கை... என்று நான் தொடங்கினேன். சொல்லாதீங்கோ அக்கா, சொன்னால் பலன் குறைந்துவிடும் என்று வாயைப் பொத்திவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே பெரியோரே, தாய்மாரே: என் முழங்காலில் கரண்ட் ஒன்றும் இல்லை. சாமான் ஓடாவிட்டால் முதலில் இடுக்கில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நானும் திருந்திவிட்டேன். இந்தக் கிறிஸ்மஸிலிருந்து எல்லோரையும் போல வெள்ளை மெழுகுதிரிதான் வாங்கப் போகிறேன்.